மிஸ் மேபலின் வடக்குக் கதவு

எழுத்துப் பிழை இருந்தால் முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதத் தெரியும். அதுவும் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கினால்தான் கை ஓடும். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. அடுப்பில் வைத்தது எரிந்து மணம் வந்த பிறகுதான் நினைவு வரும். முன்னுக்குப் பின் எழுதியிருந்தால் நீங்களே சரிப்படுத்தி வாசியுங்கள்.

போன கிழமை பஸ்ஸில் போகும்போது அந்தச் சேர்ச்சைக் கண்டேன். இப்போது அது சேர்ச் இல்லை. உள்ளே வீடுகள் கட்டி விற்றுவிட்டார்கள். ஜன்னலில் யாரோ பூச்சட்டி வைத்திருந்தார்கள். வடக்குக் கதவு இருந்த இடத்தில் புதுக்கல் வைத்து அடைத்திருந்தது. பழைய கல் சாம்பல் நிறம், புதுக்கல் வெள்ளை. வாய்க்குள் கட்டுப்பல் வைத்த மாதிரி அது மட்டும் தனியாகத் தெரிந்தது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன், இதை எழுதப் போகிறேன் என்று.

"எழுதுங்கோ அம்மா," என்றான். "ஆனா பேய்க்கதை எண்டுதான் சனம் நினைக்கும்."

நினைத்தால் நினைக்கட்டும்.

1

நான் இருப்பது மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், மூன்றாம் மாடியில். மகன் குகன் கலியாணம் முடித்து வேறு வீட்டில் இருக்கிறான். மருமகள் ஹெலன் இங்கேயே பிறந்த ஆங்கிலப் பிள்ளை. நல்ல பிள்ளை. அவளுடைய குடும்பம் நான்கு தலைமுறையாகப் போய்வந்தது அந்தச் சேர்ச்சுக்குத்தான். அங்கே பொறுப்பாக இருந்த மிஸ் மேபலுக்கு வயது போய்விட்டது, வியாழக்கிழமைகளில் கூட்டித் துடைக்கத் துணைக்கு ஒருவர் வேண்டும் என்று ஹெலன் கேட்டாள். குளிர்காலம் முழுக்க சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு அது நல்லது என்று ஒத்துக்கொண்டேன்.

கீழ் வீட்டு புவனேஸ் அக்கா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

"என்னடி சிவபாக்கியம், உன்னையும் வேதத்தில சேர்த்துக் கிறிஸ்தவளாக்கிப் போட்டினமோ?"

"இல்லை அக்கா, தூசி தட்டத்தான் போறன்."

"தூசி தட்டத் தட்டத்தான் சேர்ப்பினம். பார்த்துக்கொள்."

அந்தச் சேர்ச் இந்த ஊர்க் கட்டடம் மாதிரியே இல்லை. சுற்றிலும் வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு வைத்த செங்கல் வீடுகள், மூலையில், டெப்பனர் என்று இங்கே சொல்கிற ஒரு பெட்டிக்கடை. நடுவே இது மட்டும் சாம்பல் கல்லில், கட்டையான சதுரக் கோபுரத்தோடு, மழைக்கு ஒதுங்கின மாடு மாதிரிக் குனிந்து நிற்கும். சுவர் என்றால் அப்படி ஒரு தடிப்பு. ஜன்னல் கட்டில் நான் சம்மணம் கொட்டி இருக்கலாம். உள்ளே நின்று மேலே பார்த்தால் கூரை மரங்கள் தோணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அந்தத் தோணிக்குக் கீழே நிற்கும் நாங்கள் தண்ணீருக்குள் நிற்கிறவர்கள் என்று எனக்குத் தோன்றும். சத்தமும் அப்படித்தான். தும்மினால் அது கொஞ்சம் பிந்தி, வேறு யாரோ தும்மின மாதிரி வரும்.

இதன் கதையை மிஸ் மேபல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எனக்கு இருக்கிற ஆங்கிலத்துக்கு அது விளங்க ஒரு வருஷம் எடுத்தது. நூறு வருஷத்துக்கும் முந்தி இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் இருந்து ஒருவர் மொன்றியலுக்கு வந்திருக்கிறார். மர வியாபாரத்தில் நல்லாக வந்துவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனம் சரியில்லை. தன் ஊர்ச் சேர்ச் மாதிரி இல்லை, அது மாதிரி இல்லை என்று ஒவ்வொரு இடமாகப் போய்த் திரும்பி வருவாராம். கடைசியில் ஆள் அனுப்பி ஊர்ச் சேர்ச்சை மூலை முடுக்கு விடாமல் அளந்து வரச் சொல்லி, அதே அளவில் இங்கே கட்டினாராம்.

எனக்கு அந்த மனுஷனை விளங்கியது. சென்ட் லோரன்ட் பக்கம் பழைய கிடங்கு ஒன்றில் எங்கள் பிள்ளையாரும் கப்பலில் வந்துதானே இருக்கிறார்.

அளந்து வரப் போனவர் பிழைகளையும் அளந்து வந்துவிட்டார். அதுதான் விசேஷம். சனம் இருக்கிற நீண்ட மண்டபமும் பூசை நடக்கிற முன்பகுதியும் அங்கே நேர்கோட்டில் இல்லை. முன்பகுதி வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். நான் பின்வாசலில் இருந்து நேரே கூட்டிக்கொண்டு போனால் விளக்குமாறு கடைசியில் சுவரில் போய் முட்டும். என் கண்ணில்தான் பிழை என்று இரண்டு மாதம் நினைத்தேன். சிலுவையில் யேசுவின் தலை சாய்ந்திருக்கிறதே, அதைக் காட்டத்தான் அப்படி என்று மிஸ் மேபல் சொன்னார். பிறகு ஒரு நாள், தேத்தண்ணீர் குடிக்கும்போது, யாரோ பழைய கொத்தனார் கயிறு பிடித்ததில் பிழை விட்டிருப்பான் என்றும் சொன்னார். எது சரியோ தெரியாது. கடல் தாண்டி வந்தும் அந்தச் சாய்வு நிமிரவில்லை.

2

வடக்குக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மண்டபத்தின் வடக்குச் சுவரில், ஞானஸ்நானத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டிக்கு எதிரே, ஒரு தாழ்ந்த கதவு. குனிந்துதான் போகலாம். தடித்த பலகை, பெரிய இரும்புப் பூட்டு. திறந்தால் வெளியே ஒரே ஒரு படி. படிக்கு அப்பால் பாதை இல்லை, புல்லும் வேலியும்தான். ஒருவரும் அதால் போய் வருவதில்லை. பிறகு எதற்குக் கதவு என்று கேட்டேன். "அங்கே இருக்கிறது, ஆகவே இங்கேயும் இருக்கிறது," என்று மட்டும் சொன்னார் மிஸ் மேபல். இங்கிலாந்தில் சேர்ச்சின் வடக்குப் பக்கத்தில் பிணம் புதைக்க ஒருவரும் விரும்ப மாட்டார்கள், அது வெயில் படாத பக்கம் என்றும் சொன்னார்.

ஆனால் இந்த ஊரில் வடக்கு என்று சொல்வது வடக்கு அல்ல. வந்த புதிதில் சுவாமித்தட்டு வைக்கத் திசை பார்த்தபோது நானும் புவனேஸ் அக்காவும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். மொன்றியல் தெருக்கள் ஆற்றோடு சாய்ந்து கிடக்கின்றன. சனம் வடக்கு என்று கை காட்டுவது பாதி மேற்கு. அதனால் வெயில் படாமல் இருக்க வேண்டிய அந்தக் கதவில் கோடைகாலத்தில் பின்நேர வெயில் வந்து விழும். கதவிடுக்கால் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் உள்ளே வந்து தொட்டியின் அடி வரை நீளும்.

அந்தக் கதவு நிலையின் இடப்பக்கம், முழங்கால் உயரத்தில், ஒரு கல் மட்டும் மஞ்சள். அது இங்கிலாந்துச் சேர்ச்சின் அதே கதவு நிலையில் இருந்து கழற்றிக் கப்பலில் கொண்டுவந்ததாம். எந்தக் காலத்திலும் அந்தக் கல் ஈரம். துணியால் ஒற்றி எடுத்தாலும் அடுத்த வியாழன் ஈரமாகத்தான் இருக்கும்.

"அந்த ஊர் மழை இன்னும் காயவில்லை, மிஸிஸ் சிவா," என்பார் மிஸ் மேபல்.

என் முழுப் பெயர் அவர் வாயில் வராது. நானும் அவரும் கூச்சக்காரர்கள், அதனால்தான் ஒத்துப்போனது. நல்ல உயரமான மனுஷி. கலியாணம் கட்டவில்லை. சனம் இருக்கிற நீள வாங்குகளுக்கு நடுவே நடந்து வரும்போது ஒவ்வொரு வாங்கின் தலைப்பிலும் விரல் மொளியால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு வருவார். டொக், டொக், டொக். எண்ணுகிறாரா, பழக்கமா, கேட்கவில்லை. வேலை முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றி என் கையில் தருவார். இரண்டு ஏப்ரனையும் நான் வீட்டில் தோய்த்துக் கொண்டுவருவேன். வாசலில் நின்று கையை உயர்த்தி "டாட்டா" என்பார், எங்கள் ஊர்க் குழந்தைப் பிள்ளைகள் மாதிரி. எழுபத்தெட்டு வயதுக் கிழவியின் வாயில் அதைக் கேட்க எனக்குச் சிரிப்பு வரும்.

நான்கு வருஷம் இப்படிப் போனது. ஒரு மாசி மாதம், வியாழக்கிழமை டாட்டா சொன்னவர், சனிக்கிழமை தன் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

அவருடைய ஏப்ரன் என்னிடம் நின்றுவிட்டது. இறந்தவர் கடைசியாக உடுத்த துணியை எங்கள் துணியோடு போட்டுத் தோய்ப்பதில்லை. எறியவும் மனம் வரவில்லை. ஒரு பையில் போட்டு முடிந்து, அலுமாரியின் மேல்தட்டில், கண்ணுக்குப் படாமல் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான், மறந்துபோனேன்.

3

அதே வருஷம் ஆனி மாதம் என் பேத்தி மீராவுக்கு அந்தச் சேர்ச்சில் ஞானஸ்நானம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கஷ்டம்தான், பொய் சொல்லக் கூடாது. குகன் முதல் நாள் ரெலிபோன் எடுத்தான்.

"அம்மா, உங்களுக்கு விருப்பமில்லாட்டி வர வேண்டாம்."

"ஏன் வராமல்? நான் கூட்டின இடம்தானே."

அவன் சிரித்தான். அதோடு அந்தக் கதை முடிந்தது.

பாதிரியார் மூன்று சேர்ச்சுக்கு ஒருவர் என்பதால் எங்களுக்குக் கிடைத்த நேரம் பின்நேரம். ஹெலனின் சொந்தக்காரர் இருபது பேர் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் நீலச் சேலையோடு பின்னுக்கு ஒதுங்கி, வடக்குச் சுவரோடு நின்றேன். பாதிரியார் பிள்ளைக்கு என்று ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தினார். சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது. எங்கிருந்து காற்று என்று திரும்பிப் பார்த்தேன். வடக்குக் கதவு திறந்திருந்தது. முழுதாகத் திறந்து, வெயில் பாய் விரித்த மாதிரி நிலத்தில் கிடந்தது. யாரோ காற்றுக்குத் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் வீடுகளில் பொழுதுபட விளக்கு வைக்கும்போது முன்கதவு திறந்திருக்க வேண்டும், பின்கதவு சாத்தியிருக்க வேண்டும். முன்பக்கத்தால் வந்த இலட்சுமி பின்பக்கத்தால் போய்விடக் கூடாது. ஐந்து வயதில் இருந்து என் வேலை அதுதான்: அம்மா விளக்கைக் கொளுத்த, நான் ஓடிப்போய்ப் பின்கதவைச் சாத்துவேன். இங்கே மூன்றாம் மாடியிலும் பின்படிக்கட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்கு வைக்கிறேன். அந்த மெழுகுதிரிச் சுடர் நடுங்கினதும் என் கை யோசிக்கவில்லை. இரண்டடி நடந்து, கதவைத் தள்ளிச் சாத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சாத்தத்தான் சாத்தினேன். பூட்டவில்லை, பூட்ட என்னிடம் என்ன இருக்கிறது? ஆனால் பூட்டுக்குள் நாக்கு விழுகிற சத்தம், 'டக்' என்று, எனக்கு வடிவாகக் கேட்டது.

அதே நேரம்தான் பாதிரியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். மீரா அழவில்லை. கண்ணை அகல விரித்து, பாதிரியாரின் தோளுக்கு மேலால் என் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை என்று இப்போது சொல்லுவேன். எனக்குப் பக்கத்தில், என்னிலும் உயரமான ஓர் இடத்தைப் பார்த்தாள். எல்லாரும் "நல்ல பிள்ளை, அழவே இல்லை" என்றார்கள். ஹெலனின் பெரியம்மா ஒருவர் மட்டும், "அழுதிருக்க வேண்டும்," என்று உச்சுக் கொட்டினார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

4

மீரா அதற்குப் பிறகும் அழவில்லை.

முதலில் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஒரு வயதானபோது மழலை வரவில்லை. விழுந்து நெற்றி உடைந்த அன்று வாயைத் திறந்தாள், முகம் அழுகிற முகம், கண்ணீர் வந்தது, சத்தம் மட்டும் இல்லை. காது சோதித்தார்கள், காது நல்ல காது. பேச்சுப் பழக்குகிற இடத்துக்குப் பெயர் பதிந்தார்கள். அங்கிருந்து பிரெஞ்சில் கடிதம் வரும், நிரப்பி அனுப்ப வேண்டும், பிறகு நிரப்பினது போதாது என்று இன்னொரு கடிதம் வரும். ஹெலன் ரெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டபடி மணிக்கணக்காக நிற்பாள். கடைசியில் பார்த்தவர்கள், வீட்டில் பாஷை கூடிப்போய்ப் பிள்ளை குழம்புகிறது என்றார்களாம்.

குகன் வந்து என் குசினிக் கதிரையில் இருந்தான்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. கொஞ்ச நாளைக்கு மீராவோட தமிழ் கதைக்காதேங்கோ. ஒரு பாஷைதான் வேணுமாம்."

"அப்ப நான் என்னத்தைக் கதைக்கிறது?"

"ஒண்டும் கதைக்காட்டியும் பரவாயில்லை. சும்மா விளையாடுங்கோ."

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு பிள்ளையும் வாய் திறக்காது, நானும் வாய் திறவேன். வாயில் சோறு தீத்துவேன், சீப்பால் தலை இழுப்பேன், எல்லாம் ஊமைப்படம் மாதிரி.

கார்டரியில், அதுதான் பகலில் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், இடம் கிடைக்கும் வரை வியாழக்கிழமைகளில் மீரா என்னோடுதான். சேர்ச்சுக்கும் கூட்டிப் போவேன். அங்கே போனதும் என் கையை விட்டுவிட்டு, நேரே வடக்குக் கதவடிக்குப் போய் நின்றுகொள்வாள். கதவைப் பார்ப்பதில்லை. கதவுக்கு இங்கால், வெறும் காற்றை, தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். உயரமான ஆளின் முகத்தைப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கும், அப்படி.

பிறகு சத்தம் தொடங்கியது. நான் முன்பகுதியில் துடைத்துக்கொண்டிருப்பேன். பின்னால், வாங்குத் தலைப்புகளில், டொக், டொக், டொக் என்று வரும். வடக்குக் கதவுக்கு நேரே இருக்கிற வாங்கு வந்ததும் நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் முதலில் இருந்து. போக வெளிக்கிட்டவர் கதவு பூட்டியிருக்கக் கண்டு திரும்பி வருகிற மாதிரி.

புவனேஸ் அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"உது ஹீற்றர் குழாயடி. என்ரை வீட்டிலயும் இரவு பகலா அடிக்குது."

"ஆவணி மாசத்தில ஆர் அக்கா ஹீற்றர் போடுறது?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீ வேலையை விடு," என்றார்.

5

விட வேண்டி வரவில்லை. வருகிற சனம் குறைந்து, சேர்ச்சை மூடி விற்பது என்று முடிவாகிவிட்டது. மீராவுக்கு இரண்டரை வயது அப்போது. பழைய ஆட்களுக்கு நினைவாகக் கொடுக்க சேர்ச்சின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாக அடித்தார்கள். ஹெலன் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, வாசித்து வாசித்துச் சொன்னாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் விளங்கினபடி எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. வடக்குக் கதவுக்குப் பேய்க்கதவு எண்டும் பேராம்! ஞானஸ்நானம் குடுக்கேக்க அதைத் திறந்து வைப்பினமாம். தண்ணி ஊத்தப் பிள்ளை அழும். அதுக்குள்ள இருக்கிற கெட்டது அந்தக் கதவால வெளிய போகும். பேந்துதான் சாத்துறதாம்."

என் கத்தி நின்றுவிட்டது.

"இங்க அதை விடாமல் செய்தது மிஸ் மேபல்தான். நான் ஞானஸ்நானம் எடுக்கேக்கையும் அவதான் திறந்தவ. மீராவுக்குத்தான் ஆரும் திறக்கேல்லை."

"ஏன் திறக்கேல்லை?" என்று கேட்டேன்.

"அந்தப் பூட்டின்ரை திறப்பைக் காணேல்லையே! மேபல் செத்த பிறகு தேடாத இடமில்லை. அந்தக் கதவு அண்டையிலயிருந்து பூட்டினபடிதான்."

ஞானஸ்நானப் படங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவா என்று மட்டும் கேட்டேன். கொண்டுவந்தாள். ஒரு படத்தில் தொட்டியடியில் வெயில் பாயாக விரிந்து கிடக்கிறது. அடுத்த படத்தில் பாதிரியாரின் கையில் தண்ணீர், நிலம் இருட்டு, ஓரத்தில் என் நீலச் சேலையின் பாதி. ஹெலன் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்தாள். நிலத்தைப் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு ஸ்டூல் வைத்து ஏறி, அலுமாரி மேல்தட்டில் இருந்து பையை எடுத்தேன். ஏன் அது நினைவு வந்தது என்று தெரியாது. ஏப்ரனின் பைக்குள் கை விட்டேன். ஒரு கைலேஞ்சி, இரண்டு பெப்பர்மின்ற் இனிப்பு, அடியில் பாரமாக ஒரு சாண் நீள இரும்புச் சாவி, அந்தத் திறப்பு.

குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். மிஸ் மேபல் போன அந்த மாசி மாதத்தில் இருந்து அந்தத் திறப்பு என் வீட்டு அலுமாரியில், என் கையால் முடிந்த பைக்குள் இருந்திருக்கிறது. ஆனியில் அந்தக் கதவு திறந்திருந்ததை நான் கண்டேன். படத்திலும் வெயில் இருக்கிறது. அப்படி என்றால் திறப்பில்லாமல் திறந்தது யார்?

அதுவரை, பிள்ளைக்குள் இருந்த ஏதோ ஒன்றை வெளியே போகவிடாமல் அடைத்துவிட்டேனோ என்று பயந்தேன். இப்போது பயம் வேறு மாதிரி வந்தது. வழக்கம்போலப் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் தானும் அதால் போக நின்ற ஒரு மனுஷியின் முகத்தில் நான் கதவைச் சாத்திவிட்டேன். அவர் கூச்சக்காரி. சத்தம் போட்டுக் கேட்க மாட்டார். வாங்குகளைத் தட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்திருக்கிறார். பிள்ளையும் அவர் முகத்தைப் பார்த்தபடி, அவர் போகும் வரை வாயைத் திறக்காமல்.

புவனேஸ் அக்கா, "கொண்டுபோய் ஆத்துக்குள்ள எறி உதை," என்றார். எறிந்தால் கதவு என்றென்றைக்கும் பூட்டுத்தான். சேர்ச்சை வாங்கினவர்கள் முதல் வேலையாக அந்தக் கதவைக் கல்லால் அடைக்கப் போகிறார்கள் என்று ஹெலன் சொல்லியிருந்தாள். எனக்கு ஒரே ஒரு வியாழக்கிழமைதான் மிச்சம் இருந்தது.

6

அன்று காலை அந்த வருஷத்தின் முதல் பனி கொட்டியிருந்தது. மீராவுக்குப் பனி உடுப்புப் போட்டு, ஒரு சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே பாதி வாங்குகளைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். மணியும் இறங்கிவிட்டது. மீரா வழக்கம்போலப் போய் நின்றாள்.

திறப்பு உள்ளே போனது, திரும்பவில்லை. எண்ணெய் குளிரில் உறைந்து வெள்ளையாக நின்றது. போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, உருகும் வரை நின்றேன். அந்த நேரம் முழுக்கச் சத்தமே இல்லை. தட்டுகிறதும் இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற அமைதி. எண்ணெயைப் பூட்டுக்குள் விட்டு, இரண்டு கையாலும் திருப்பினேன். 'டக்'.

கதவை உள்ளுக்கு இழுத்துத் திறந்தேன். வெளியே வெள்ளை. ஒரு தடம் இல்லாத வெள்ளை. குளிர் முகத்தில் அடிக்கும் என்று கண்ணை மூடினேன், அடிக்கவில்லை. பின்னால் இருந்துதான் காற்று வந்தது. இளஞ்சூடாக, என் கையை உரசி, சேலைத் தலைப்பை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு, குனிந்து போகிற ஆள் மாதிரித் தாழ்வாகப் போனது. மீராவின் தலை மெல்ல மெல்லத் திரும்பியது. நிமிர்ந்திருந்த பார்வை படியைத் தாண்டி, புல்வெளிப் பனியைத் தாண்டி, வேலி வரை போனது.

அங்கே கை உயர்த்தினாள்.

"டாட்டா," என்றாள்.

பின்னால் ஏதோ விழுந்த சத்தம். பாட்டுப் புத்தகங்கள் எடுக்க வந்த ஹெலன் பெட்டியைக் கையில் இருந்து விட்டிருந்தாள். ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினாள். மீரா வீரிட்டு அழத் தொடங்கினாள். இரண்டரை வருஷத்து அழுகை. தோணிக் கூரை முழுக்க அது ஒலித்தது, பிந்தாமல்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகுதிரி, கதவு, ஏப்ரன், திறப்பு, எல்லாம். என் உடைந்த ஆங்கிலத்தில், "டோர், ஐ குளோஸ், ஐ குளோஸ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னதுதான் நினைவு. ஹெலன் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. திறப்பை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். சாத்தப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் திறந்திருக்கட்டும் அம்மா. மேபல் மெதுவாத்தான் நடப்பா."

மூன்று பேரும் குளிர் உடுப்போடு கடைசி வாங்கில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் கட்டட வேலைக்காரன் ஒருவன் வந்து, பனிக்காற்று உள்ளே வருகிறது என்று பிரெஞ்சில் கத்தினான். இந்தக் கதவை யார் திறந்தது என்று கேட்டான்.

"நான்தான்," என்று தமிழிலேயே சொன்னேன். அந்தச் சேர்ச்சுக்குள் நான் உரத்துப் பேசினது அந்த ஒரு முறைதான்.

வெளிக்கிடும்போது மஞ்சள் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

7

மீரா இப்போது வாய் மூடுவதில்லை. கார்டரியில் பழகின பிரெஞ்சுதான் முழுக்க. என்னைத் திருத்தவும் செய்கிறாள். பேச்சுப் பழக்குகிற இடத்தில், சில பிள்ளைகள் அப்படித்தான் பிந்தித் தொடங்கும் என்றார்களாம். குகனும் அதைத்தான் சொல்கிறான். நான் மறுத்துப் பேசுவதில்லை. தமிழ் கதைக்க எனக்குத் திரும்ப அனுமதி கிடைத்திருக்கிறது, அது போதும்.

கடைசியாக ஒரு உதவி. இதை வாசிக்கிற ஆட்களின் பிள்ளைகள், சகோதரங்கள் கனபேர் இங்கிலாந்தில் இருப்பார்கள். அந்தக் கிராமத்தின் பெயரை ஹெலன் ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கிறாள். அந்தத் துண்டை, இந்தக் கதையை அச்சடிக்கிறவரிடம் கொடுத்து வைக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் போனால் நான் எழுதினது சரியா என்று பாருங்கள். முன்பகுதி சாய்ந்திருப்பது வலப்பக்கம்தானா? கதவு நிலையில் ஒரு கல் மாற்றி வைத்த அடையாளம் இருக்கிறதா? நான் இடப்பக்கம் என்று எழுதியிருக்கிறேன். உள்ளே நின்று பார்த்த இடமா, வெளியே நின்று பார்த்த இடமா என்று இப்போது தடுமாறுகிறது. பிழை என்றால் எழுதி அனுப்புங்கள், திருத்துகிறேன்.

ஒன்று மட்டும். நீங்கள் போகிற நேரம் அந்த வடக்குக் கதவு திறந்து கிடந்தால், குளிராக இருந்தாலும் பரவாயில்லை, சாத்தாமல் வாருங்கள்.